திருமுக்கூடல் கல்வெட்டும் பர்ட்டன் ஸ்டெய்னின் பிரமிடும்

சோழர் காலத்தைப் பற்றி இணையத்தில் நடக்கிற சண்டைகளில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்கு எல்லாமே ராஜா. கோயில் கட்டியது ராஜா, ஏரி வெட்டியது ராஜா, ஆஸ்பத்திரி வைத்தது ராஜா. இன்னொரு கட்சிக்கு ராஜாவே தேவையில்லை. உத்திரமேரூரில் குடவோலை போட்டு ஊர் தன்னைத்தானே ஆண்டுகொண்டது, ராஜா சும்மா பேருக்கு. வேடிக்கை என்னன்னா, ஒரே ஆள் காலையில் முதல் கட்சியும் சாயங்காலம் இரண்டாவது கட்சியும் பேசுவதைப் பார்க்கலாம். இரண்டுமே பெருமைதானே!

ஆனால் இரண்டும் சேர்ந்து எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று யோசித்தால் விஷயம் சுவாரசியமாகிறது. ஒரு சமூகம் தானாக ஒழுங்கமைகிறதா, அல்லது மேலிருந்து யாராவது ஒழுங்கமைக்கிறார்களா? பொருளாதாரத்திலும் சூழலியலிலும் கம்ப்யூட்டர் மாடல் போடுகிறவர்கள் ஐம்பது வருஷமாகக் கேட்கிற கேள்வி இது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இதற்கு முழுசாக ஒரு மாடல் கொடுத்தவர் பர்ட்டன் ஸ்டெய்ன். 1980-இல் வெளியான அவருடைய 'பெசன்ட் ஸ்டேட் அண்ட் சொசைட்டி இன் மெடீவல் சவுத் இந்தியா' புத்தகத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. அந்த மாடலைக் காஞ்சிபுரம் பக்கத்து மூன்று ஆவணங்களை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். நான் வரலாற்றுத் துறை ஆள் கிடையாது. மாடல்கள் எங்கே உடைகின்றன என்று பார்ப்பது மட்டும் கொஞ்சம் பழக்கம்.

ஸ்டெய்ன் என்ன சொன்னார்?

முதலில் அவர் யாரை எதிர்த்தார் என்று பார்க்கணும். 1930-களில் நீலகண்ட சாஸ்திரி 'தி சோழாஸ்' எழுதினார். அதில் சோழ அரசு பைசாந்தியத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் பெரிய முடியாட்சி. திறமையான அதிகார வர்க்கம் உண்டு. அதே புத்தகத்தில் ஊர்ச் சபைகளும் உயிர்த்துடிப்போடு சுயாட்சி நடத்துகின்றன. மேலே பலமான மையம், கீழே பலமான ஊர். இரண்டும் ஒன்றையொன்று எப்படி உரசாமல் இருந்தன என்பதற்கு சாஸ்திரியிடம் தெளிவான பதில் இல்லை. ஸ்டெய்ன் சரியாக இந்த இடத்தில்தான் கை வைத்தார். நல்ல விமர்சகர் செய்ய வேண்டிய வேலை அது.

அவருடைய பதில் 'கூறாக்க அரசு'. ஏய்டன் சவுத்தால் என்ற மானுடவியலாளர் உகாண்டாவின் ஆலூர் மக்களைப் பற்றி 1956-இல் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்த கருத்து. சுருக்கமாக இப்படி: அடிப்படை அலகு நாடு. அதாவது ஒரே நீர்ப்பாசனத்தையும் உறவுமுறையையும் பகிர்ந்துகொள்ளும் பத்திருபது ஊர்களின் தொகுப்பு. ஒவ்வொரு நாடும் தன்னளவில் முழுமையானது. வேளாளரும் பிராமணரும் சேர்ந்து அதை நடத்துகிறார்கள். பிரமிடின் உச்சியில் ராஜா. உச்சியில் இருப்பது என்னவோ அடியிலும் சின்ன அளவில் அதுவே இருக்கும். ராஜாவின் உண்மையான அதிகாரம் தன் சொந்தப் பகுதியில் மட்டும். மற்ற இடங்களில் அவருக்குக் கிடைப்பது சடங்கு ரீதியான தலைமை. மெய்க்கீர்த்தியில் பேர் வரும், கோயிலில் பேர் வரும், அவ்வளவுதான். வரி வசூல் இயந்திரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

இந்த மாடலில் ஒரு அழகு இருக்கிறது, மறுக்க முடியாது. கோட் எழுதுகிறவனுக்கு உடனே பிடித்துப்போகும். ஒரே அமைப்பு எல்லா அளவிலும் திரும்பத் திரும்ப வருகிறது. மையத்தில் ஒரு சர்வர் தேவையில்லை. குறைந்த அனுமானத்தில் நிறைய விளக்குகிறது. சோழர்கள் நானூறு வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்றால், அவர்கள் எதையும் தாங்கிப் பிடிக்கவே இல்லை. கீழே இருந்த நாடுகள் தாமே நின்றன.

கல்வெட்டு ஆய்வாளர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. சம்பகலட்சுமி கடுமையாக விமர்சித்தார். எ. சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கரஷிமாவும் வேறு வழியில் போனார்கள். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் வரிச் சொற்களையும் எண்ணினார்கள். தோரு மட்சுயியுடன் சேர்ந்து 1978-இல் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு ஒரு பெரிய சொல்லடைவே வெளியிட்டார்கள். டேட்டா முதலில், மாடல் அப்புறம் என்கிற போக்கு. இதில் ஒரு முரண் உண்டு. ஸ்டெய்ன் தன் நாடுகளின் படத்துக்கு நம்பியது சுப்பராயலு 1973-இல் எழுதிய சோழநாட்டு அரசியல் புவியியல் புத்தகத்தைத்தான். ஒரே டேட்டா, இரண்டு எதிரெதிர் மாடல்.

முதல் சோதனை: உத்திரமேரூர், 919 மற்றும் 921

இந்த ஊரைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி இல்லை. முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை போட்டு, ஓராண்டுக்கு வாரியங்கள் அமைக்கும் விதிகள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர்.

குடவோலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு வருஷ இடைவெளி. 919-இல் ஒரு விதி போடுகிறார்கள், 921-இல் திருத்துகிறார்கள். வயது வரம்பு 30 முதல் 60 என்று இருந்தது 35 முதல் 70 ஆகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினர்களும் அடுத்த முறை நிற்க முடியாது. எந்தெந்த உறவு என்று பெரிய பட்டியலே உண்டு. இப்படி ஒரு பட்டியல் சும்மா வராது. யாரோ ஒருவர் கணக்குக் காட்டாமல் மச்சானை நிறுத்தியிருந்தால்தான் இவ்வளவு விவரமாக எழுதத் தோன்றும். அதாவது, தன் விதியைத் தானே ஓட்டிப் பார்த்து, பக் கண்டுபிடித்து, திருத்தி எழுதுகிற அமைப்பு. சுய ஒழுங்கமைவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஸ்டெய்னுக்கு ஒரு மதிப்பெண்.

ஆனால் கல்வெட்டின் தொடக்கத்தை யாரும் மேடையில் வாசிப்பதில்லை. இரண்டு முறையும் அரச ஆணை வந்தது, இரண்டு முறையும் அரசனின் ஆள் ஒருவர் சபையோடு கூட உட்கார்ந்திருந்தார் என்று அதில் இருக்கிறது. 919-இல் வந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். இது ஸ்டெய்னுக்கு இடிக்கிறது. அவர் தரப்பில் இதற்குப் பதிலும் உண்டு: 'மூவேந்தவேளான்' என்பது பட்டம்; பட்டம் பெற்றவர்கள் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள்; ராஜாவின் சம்பள அதிகாரிகள் இல்லை. சரி, அதையும் இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் சோதனை: காஞ்சிபுரத்து நெசவாளர்கள்

அடுத்தது சுமார் 60 வருஷம் கழித்து. உத்தம சோழனின் செப்பேடு. இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பதால் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு என்றே பேர். காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயில் பற்றியது. உலகளந்த பெருமாள் கோயில் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

இதில் கோயில் காரியத்தை மேற்பார்க்கும் பொறுப்பு நகரத்தின் நான்கு பகுதிகளில் குடியிருந்த பட்டசாலிகளுக்கு, அதாவது நெசவாளர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. பதிலுக்கு அவர்களுக்குச் சில வரிச் சலுகைகள். சித்திரைத் திருவிழா முடிந்ததும் கணக்கைச் சரிபார்க்க வேண்டியது மாநகரத்தார், அதாவது நகர வணிகர் சபை. ஆணை போடுவது யார்? அரசன்.

இப்போ இதை எந்தக் கட்சியில் சேர்ப்பீங்க? கோயிலை நடத்துவது ஊர்க்காரர்கள், அதுவும் நெசவாளர்கள். கணக்குப் பார்ப்பதும் ஊர்க்காரர்கள். ஆனால் யார் நடத்தணும், யார் கணக்குப் பார்க்கணும் என்று சொல்வது மேலிருந்து வருகிறது. நடத்துகிறவன் வேறு, சரிபார்க்கிறவன் வேறு என்று பிரித்திருப்பதைக் கவனியுங்கள். ஸ்டெய்ன் மாடலில் இதற்கு இடம் கொஞ்சம் குறைவு. அங்கே மையமும் உள்ளூரும் தனித்தனி அடுக்குகள். ஒன்று இன்னொன்றின் உள்வேலையைத் தொடாது.

மூன்றாம் சோதனை: திருமுக்கூடல்

இப்போது தலைப்பிலிருக்கும் ஊருக்கு வருவோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழையசீவரம். இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் 1060-களின் பிற்பகுதி. கே.வி. சுப்பிரமணிய ஐயர் இதை எபிகிராபியா இண்டிகாவில் பதிப்பித்தார்.

வாட்ஸாப்பில் இது '15 படுக்கை கொண்ட சோழர் ஆஸ்பத்திரி' என்று வருஷத்துக்கு நாலு தடவை சுற்றிவரும். விஷயம் உண்மைதான். வீரசோழன் என்று பேர் வைத்த ஆதுலர்சாலை. 15 படுக்கை. ஒரு மருத்துவர், ஒரு அறுவை வைத்தியர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர். ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் சுமார் இருபது, பேர் பேராக: வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி என்று போகும். பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் மாணவர் விடுதியும். ரிக் வேதம் படிக்க 10 பேர், யஜுர் வேதம் 10 பேர், இலக்கணம் 20 பேர், இப்படி.

வாட்ஸாப் பெருமையில் விட்டுப்போவது ஒன்று: இது மருத்துவக் கல்வெட்டு கிடையாது, பட்ஜெட். வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாயை இந்தக் கோயிலின் செலவுக்கென்று கணக்கில் மாற்றி எழுதுவதுதான் ஆணையின் சாரம். (வயலக்காவூர் இன்றும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.) அந்த வருவாய் பைசா பைசாவாக எங்கே போகணும் என்ற விவரம்தான் மீதி. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை வைத்தியருக்கு 30 கலம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலம் நெல்லும் 1 காசும்.

இன்னொரு பகுதியும் உண்டு, படிக்க சலிப்பான பகுதி. எனக்கு அதுதான் தங்கச் சுரங்கம். கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையில் அரசன் ஆணையிடுகிறார். அது ஓலையாகிறது. பிறகு 'புரவுவரித் திணைக்களம்' என்ற வருவாய்த் துறையின் ஆட்கள் வரிசையாக வருகிறார்கள். சோழர் ஆவணங்களில் இந்தத் துறையின் பணிப் பெயர்கள் வகைவகையாக உண்டு: வரிப் புத்தகத்தை வைத்திருக்கும் வரிப்பொத்தகம், அதில் பதிவு போடும் வரியிலீடு, முகவெட்டி என்று.

இங்கேதான் ஸ்டெய்ன் தரப்பின் பட்டம்-விளக்கம் மாட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். பட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வாதாடினால் முடிவே வராது. ராஜராஜன் காலத்திலிருந்து மூவேந்தவேளான் பட்டம் கூடுகிறது என்று சுப்பராயலு காட்டினால், 'பலமான ராஜா நிறைய பட்டம் கொடுத்தார், அதனால் அவர்கள் அதிகாரிகள் ஆகிவிடுவார்களா?' என்று எதிர்க்கேள்வி போடலாம். நியாயமான கேள்வியும்கூட. ஆனால் ஒரே ஆவணத்தை ஒருவர் எழுத, இன்னொருவர் ஒப்பிட, வேறொருவர் புத்தகத்தில் ஏற்ற என்று வேலை பிரிந்து வரிசையாக நடந்தால், அது வெறும் கௌரவமாக இருக்க முடியாது. கௌரவத்துக்கு வரிசைக்கிரமம் தேவையில்லை. பத்மஸ்ரீ பட்டம் வாங்கினவர்கள் ஒரு ஃபைலை ஒருவர் மாற்றி ஒருவர் நகர்த்த மாட்டார்கள். வருவாய்த் துறை ஆட்கள்தான் நகர்த்துவார்கள். சடங்குத் தலைமை மட்டுமே இருந்த ராஜாவுக்கு, தொண்டை மண்டலத்தில் ஒரு சின்ன ஊரின் நெல்லை ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்ற இத்தனை பேர் எதற்கு?

ஆக, ஸ்டெய்ன் மாடல் இந்தச் சோதனையில் தேறவில்லை. ஆனால் சாஸ்திரியின் பேரரசு தேறிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. மையம் என்ன அனுப்புகிறது? பணம் அனுப்பவில்லை, நெல் அனுப்பவில்லை. நெல் விளைவது பக்கத்து ஊரில். சாப்பிடுவது இந்த ஊரில். அளப்பது உள்ளூர் ஆட்கள். மையத்தின் கையில் இருப்பது ஒரே ஒரு பொருள்: வரிப் புத்தகம். எந்த ஊர் எந்தக் கணக்கில் என்ற பதிவு. அந்தப் பதிவை மாற்றும் அதிகாரம் மட்டும் தலைநகரில் இருக்கிறது. மற்றதெல்லாம் ஊரில்.

காலம் எங்கே போச்சு?

ஸ்டெய்ன் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை ராஜாவைப் பற்றியது இல்லை, காலத்தைப் பற்றியது. சமூகம் எப்படி ஒழுங்கமைகிறது என்று விளக்க வந்த மாடலில் காலம் ஏறக்குறைய இல்லை. சோழர் காலம் முழுமைக்கும் ஒரே பிரமிடு. கடைசியில் மட்டும் பெரியநாடு போன்ற பெரிய அமைப்புகளால் அது உருமாறுகிறது.

சுப்பராயலுவும் கரஷிமாவும் செய்த மிக எளிய, மிக நல்ல காரியம், சோழர் காலத்தை நாலாக வெட்டியது: 985 வரை, 985 முதல் 1070 வரை, 1070 முதல் 1178 வரை, அப்புறம் 1279 வரை. வெட்டியவுடனே படம் அசைய ஆரம்பிக்கிறது. இரண்டாம் கட்டத்தில் அதிகாரிகளும் வரிச் சொற்களும் பெருகுகின்றன. கடைசிக் கட்டத்தில் சிற்றரசர்கள் தலையெடுக்கிறார்கள். காடவராயன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜனையே சிறை வைக்கிற அளவுக்கு நிலைமை போகிறது. கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்தால் ஸ்டெய்ன் சரி. இரண்டாம் கட்டத்தை மட்டும் பார்த்தால் சாஸ்திரி சரி. திருமுக்கூடல் இரண்டாம் கட்டத்தின் விளிம்பில் நிற்கிறது. நம் மூன்று ஆவணங்களையும் வரிசையாக வைத்தால், 919-இல் அரசனின் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். செப்பேட்டில் அரசன் யார் நடத்துவது என்று சொல்கிறார். 1060-களில் நாவிதனின் நெல் அளவு வரை ஆணையில் இருக்கிறது.

மூன்று புள்ளிகளை வைத்துக் கோடு போடக்கூடாது என்று எனக்கும் தெரியும். உத்திரமேரூர் பிராமணர் சபை, காஞ்சி வணிக நகரம், திருமுக்கூடல் கோயில். மூன்றும் மூன்று வகை. ஆனால் எந்த மாடலாக இருந்தாலும் இந்த மூன்று புள்ளிகள் வழியாகப் போயாகணும். ஒரு நாளில் பைக்கில் சுற்றிவரக்கூடிய தூரத்துக்குள், 150 வருஷத்துக்குள் நடந்தவை இவை.

பாலித் தீவிலிருந்து ஒரு ஒப்பீடு

இந்தப் பிரச்சினை சோழர் ஆய்வுக்கு மட்டும் உரியதில்லை. சுய ஒழுங்கமைவு என்றாலே எல்லாரும் காட்டுவது தாமஸ் ஷெல்லிங்கின் 1971 மாடல். கட்டம் போட்ட பலகையில் இரண்டு நிறக் காய்கள். ஒவ்வொன்றுக்கும் அக்கம்பக்கத்தில் தன் நிறம் கொஞ்சம் இருந்தால் போதும். யாரும் திட்டமிடாமலே கடைசியில் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும்.

நம் ஊர் ஏரிகளுக்கு இன்னும் நெருக்கமானது ஸ்டீபன் லான்சிங் செய்த பாலித் தீவு ஆய்வு. அங்கே சுபக் என்ற விவசாயச் சங்கங்கள் நீர்க் கோயில்கள் மூலமாகத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. லான்சிங்கும் ஜேம்ஸ் கிரெமரும் 1993-இல் 172 சுபக்குகளைக் கம்ப்யூட்டரில் ஓட விட்டார்கள். ஒவ்வொன்றும் பக்கத்தில் நல்ல மகசூல் எடுத்தவனின் பயிர் அட்டவணையைக் காப்பியடிக்கும். அவ்வளவுதான் விதி. கொஞ்ச காலத்தில் கோயில் வலைப்பின்னலைப் போன்ற ஒரு ஒழுங்கு தானாக வந்துவிட்டது. ராஜா தேவைப்படவில்லை.

அற்புதமான வேலை. ஆனால் 2003-இல் பிரிகிட்டா ஹவுசர்-ஷோய்ப்லின் ஒரு மறுப்பு எழுதினார்: பாலியின் அரசர்கள் பாசனத்திலும் கோயில்களிலும் நன்றாகவே தலையிட்டிருக்கிறார்கள், அவர்களை மாடலிலிருந்து வெளியே தள்ளியது ஆய்வாளர்களின் தேர்வு என்று. ஸ்டெய்ன் கதையேதான், இடம் மட்டும் வேறு. சிமுலேஷன் ராஜா இல்லாமல் ஓடியது என்பதால் வரலாறும் ராஜா இல்லாமல் ஓடியது என்று ஆகாது. ஒரு முடிவு இந்த வழியிலும் வரலாம் என்று சிமுலேஷன் காட்டும்; இந்த வழியில்தான் வந்தது என்று காட்டாது.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. ஷெல்லிங்கின் காய்களுக்கு எழுதத் தெரியாது. லான்சிங்கின் கம்ப்யூட்டர் சுபக்குகளுக்கும் தெரியாது. பக்கத்தைப் பார்க்கும், நகரும், மறந்துவிடும். காஞ்சிபுரத்துச் சுற்றுவட்டாரம் அப்படி இல்லை. இவர்கள் எழுதினார்கள், ஓலையில், செம்பில், கல்லில். எழுதி வைத்ததால்தான் 919-இன் விதியை 921-இல் திருத்த முடிந்தது. எழுதி வைத்ததால்தான் மருத்துவரின் 90 கலத்தைக் குறைத்தால் அவரால் சுவரைக் காட்டிக் கேட்க முடியும். எழுத்து இல்லாத மாடல் எறும்புப் புற்றுக்குச் சரி; கணக்குப்பிள்ளை இருக்கிற ஊருக்குப் பத்தாது.

இது ஏன் இன்றைக்கு முக்கியம்?

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சண்டை, யார் ஜெயித்தால் என்ன என்று கேட்கலாம். ஏரிக்கரையில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. 'பழங்காலத்தில் ஊர்மக்களே ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள், அரசாங்கம் வந்து கெடுத்தது, திருப்பிக் கொடுத்துவிட்டால் சரியாகும்' என்ற கதை பாசனக் கொள்கைகளின் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2000-இல் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் வந்தது. 2017-இல் குடிமராமத்து திரும்ப வந்தது. குடிமராமத்து என்றால் தன்னிச்சையான ஊர்க்கூட்டுறவு என்று எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் மெட்ராஸ் மாகாணத்துக்கு 1858-இல் வந்த சட்டத்தின் பேரிலேயே 'கட்டாய உழைப்பு' என்று இருந்தது. யாருடைய உழைப்பு என்று கேட்டால் பதில் எளிது: மண்வெட்டி பிடித்தவன் பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவன் இல்லை.

டேவிட் மோஸ் 2003-இல் எழுதிய 'தி ரூல் ஆஃப் வாட்டர்' இந்தக் கதையைத்தான் உடைக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களை வைத்து அவர் காட்டுவது: ஊர்ப் பொது நிர்வாகம் என்று நாம் நினைப்பது அரச அதிகாரத்தோடும் சாதி அதிகாரத்தோடும் பின்னிப்பிணைந்தே வளர்ந்தது. ஸ்டெய்னுக்கு நல்ல பதில் கல்வெட்டாளர்களிடமிருந்து வந்ததைப்போலவே, கண்மாயில் கால் நனைத்தவரிடமிருந்தும் வந்திருக்கிறது.

ஸ்டெய்னிடமும் சாஸ்திரியிடமும் ஒருசேர விட்டுப்போன கேள்வி அது: தானாக ஒழுங்கமைந்தது என்றால், அந்தத் 'தான்' யார்? உத்திரமேரூரில் குடவோலையில் பேர் வரணும் என்றால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேத ஞானம் வேண்டும். பெண்கள் கணக்கிலேயே இல்லை, உழுதவர்களும் இல்லை. திருமுக்கூடலில் வயலைக்காவூர் உழைப்பாளி பட்ஜெட்டின் வரவுப் பக்கத்தில் நெல்லாக மட்டும் வருகிறார். மையம் பெரிதா ஊர் பெரிதா என்ற நூறு வருஷ விவாதத்தில் இரண்டு பக்கமும் பேசியது கணக்கு எழுதினவர்களைப் பற்றி மட்டுமே. வேறு வழியில்லை, கிடைத்த ஆவணம் அவர்கள் எழுதியது. ஆனால் அதை மாடலின் எல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கணும்.

எலினோர் ஆஸ்ட்ரமை இங்கே நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 2009-இல் பொருளாதார நோபல் வாங்கியவர். பொதுச் சொத்தை மக்களே நிர்வகிக்க முடியும் என்று காட்டியவர் என்று எல்லாருக்கும் தெரியும். 1990 புத்தகத்தில் அவர் கொடுத்த நிபந்தனைகளை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. விதியைப் பின்பற்றுகிறார்களா என்று கண்காணிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் பயனாளிகளுக்குப் பதில் சொல்லணும். ஊர் தன் விதியைத் தானே எழுதும் உரிமையை அரசு அங்கீகரிக்கணும். பெரிய அமைப்பாக இருந்தால் அடுக்கடுக்காகப் பிணைந்திருக்கணும். 921 உத்திரமேரூரையும் காஞ்சிச் செப்பேட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், இந்த நிபந்தனைகளில் பாதிக்கு மேல் அங்கே கண்ணில் படும்.

எனவே ஸ்டெய்னின் பிரமிடைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம் என்பேன். பேரரசு என்ற சொல்லைக் கேட்டதும் மயங்காமல் 'நெல்லை அளந்தது யார்?' என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். பின்னாளில் தன் கருத்துகளில் சிலவற்றை அவரே தளர்த்திக்கொண்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: கணக்கை எழுதுவது யார்? அதைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு? விதி சரியில்லை என்றால் திருத்துவது யார்? மையம், ஊர் என்ற இரண்டு பெட்டிகளைவிட இந்த மூன்று கேள்விகள் அதிகம் சொல்லும்.

ஒரு பாசனச் சங்கத்துக்கோ நெசவாளர் கூட்டுறவு சங்கத்துக்கோ 'சுயாட்சி' கொடுத்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், இந்த மூன்றையும் அங்கேயும் கேட்டுப் பாருங்கள். புத்தகம் அதிகாரியிடமும் பொறுப்பு மட்டும் ஊரிடமும் இருந்தால், அது 921-ஐ விடப் பின்தங்கிய ஏற்பாடு.